இடது காலும் பிறர் கைகளும்

அயர்லாந்து எழுத்தாளர் கிறிஸ்டி பிரவுனின் பெயரை அறியாதவர்கள்கூட, இடது கால் விரல்களால் எழுதியும் வரைந்தும் புகழ்பெற்ற ஒருவரைப் பற்றி எங்கேனும் கேள்விப்பட்டிருப்பார்கள். மன உறுதியின் மேன்மைக்கு எடுத்துக்காட்டாக அவருடைய வாழ்க்கை மேடைகளில் எடுத்துரைக்கப்படுகிறது. அந்தக் கதையில் பொய் ஏதுமில்லை. ஆயினும், அது பாதிக் கணக்கு. வரவுப் பக்கத்தில் அவருடைய உறுதி மட்டுமே எழுதப்படுகிறது. அந்த உறுதி பயன்தருவதற்கு யார் யார் என்னென்ன கொடுத்தார்கள், அவை கிடைக்காமல்போன காலங்களில் அவர் எவ்வாறு வீழ்ந்தார் என்ற பக்கம் புரட்டப்படுவதே இல்லை. மூளை முடக்குவாதத்தோடு பிறந்து இளமைப் பருவத்தை எட்டுவோரின் வாழ்வைப் பற்றிச் சிந்திப்பதற்கு அந்தப் பக்கமே நமக்கு அதிகம் பயன்படும்.

1932 ஜூன் 5 அன்று டப்ளின் நகரின் ரொட்டுண்டா மகப்பேறு மருத்துவமனையில் கிறிஸ்டி பிறந்தான். தந்தை பேட்ரிக் ஒரு கொத்தனார், தாய் பிரிஜெட். அந்தத் தாய் பெற்ற பிள்ளைகள் 22 பேர். அவர்களில் நிலைத்தவர்கள் 13 பேர். கிறிஸ்டி பத்தாவது பிள்ளை. நகரின் தென்பகுதியில், உழைக்கும் மக்களுக்காகக் கட்டப்பட்ட கிரம்லின் குடியிருப்பில் அவர்களின் சிறிய வீடு இருந்தது.

குழந்தையின் தலை நிலையாக நிற்கவில்லை என்பதைத் தாய்தான் முதலில் கவனித்தார். கைகள் இறுகிக்கொண்டன, உடல் தன்விருப்பமின்றி முறுக்கிக்கொண்டது, பேச்சு வரவில்லை. பார்த்த மருத்துவர்கள் பலரும், குழந்தைக்கு அறிவு வளர்ச்சியும் இராது, நம்பிக்கைக்கு இடமில்லை என்ற முடிவையே கூறினார்கள். வளரும் மூளையில் பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ ஏற்படும் பாதிப்பே மூளை முடக்குவாதம். அந்தப் பாதிப்பு அசைவையும் உடல் நிலையையும் கட்டுப்படுத்தும் திறனைக் கெடுக்கும். பலருக்குப் பேச்சையும் கெடுக்கும். பாதிக்கப்பட்டோர் அனைவருக்கும் அறிவுத்திறன் குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. பேச இயலாதவனைச் சிந்திக்க இயலாதவன் என்று எண்ணுவது அக்காலத்தின் பிழை மட்டுமன்று, இக்காலத்திலும் தொடர்கிறது.

பிரிஜெட் அந்த முடிவை ஏற்கவில்லை. அவரிடம் மருத்துவ அறிவு இல்லை; தன் பிள்ளையின் கண்களில் அறிவு தெரிகிறது என்ற தாயின் உறுதிப்பாடு மட்டுமே இருந்தது. மற்ற பிள்ளைகளுக்கு அளித்த அதே இடத்தை இவனுக்கும் அளித்தார். கதை சொன்னார், படம் காட்டினார், விடை வராதென்று அறிந்தும் கேள்வி கேட்டார்.

கிறிஸ்டிக்கு ஐந்து வயது. ஒரு டிசம்பர் மாதப் பிற்பகலில் அக்கா மோனாவும் அண்ணன் பேடியும் கணப்பருகே அமர்ந்து பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென அவனுடைய இடது கால் நீண்டு, மோனாவின் கையிலிருந்த மஞ்சள் நிறச் சுண்ணக்கட்டியைப் பற்றிக்கொண்டது. வீடே அசைவற்று நின்றது. தாய் மண்டியிட்டு, தரையில் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்தை வரைந்து, அதைப்போல் வரையுமாறு கூறினார். பலமுறை தவறிய பிறகு அந்த எழுத்து தரையில் உருப்பெற்றது. பின்னர் ஒவ்வோர் எழுத்தாக முழு நெடுங்கணக்கையும் தாயே கற்பித்தார். அந்தச் சிறுவயதில் அவனுக்கென்று பள்ளி ஏதுமில்லை. அடுக்களைத் தரையே பள்ளி.

பலருடைய நினைவில் கதை இங்கே நின்றுவிடுகிறது. கவனிக்க வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சிறுவயதில் கிறிஸ்டி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. பழைய சிறு தள்ளுவண்டி ஒன்றில் அவனை அமர்த்தி அண்ணன்மார் தெருவெங்கும் இழுத்துச் சென்றார்கள். விளையாட்டு, சண்டை, குறும்பு, நீச்சலுக்குச் செல்லுதல் என எல்லாவற்றிலும் அவனுக்குப் பங்கு இருந்தது. கிரம்லின் தெருப் பிள்ளைகள் அவனைப் பரிதாபத்துக்குரியவனாகப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒருவனாகவே பார்த்தார்கள். தான் வேறானவன் என்ற உணர்வே அக்காலத்தில் அவனுக்கு இல்லை.

ஒருநாள் அந்த வண்டி உடைந்தது. அப்போது அவனுக்கு ஏறத்தாழப் பத்து வயது. வண்டி உடைந்ததும் தெருவும் அவனிடமிருந்து பறிபோயிற்று. சன்னலருகே அமர்ந்து, மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்கும் நிலை வந்தது. தன் கைகளையும் வாயையும் கண்ணாடியில் கண்டு அவன் வெறுத்தது அந்த நாள்களில்தான். அவனுடைய உடல் முதல்நாள் இருந்ததைப் போலவே மறுநாளும் இருந்தது. மூளையின் பாதிப்பில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது ஒரு வண்டி மட்டுமே. ஊனத்தின் அளவு உடலில் மட்டும் இல்லை, உடலுக்கும் சூழலுக்கும் இடையிலுள்ள உறவிலும் இருக்கிறது என்ற உண்மையைப் பல ஆய்வேடுகளைவிட இந்த நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

அந்தத் தனிமையில் ஓவியம் துணைக்கு வந்தது. சகோதரன் ஒருவனின் வண்ணப்பெட்டி கைக்கு, அதாவது காலுக்கு, வந்து சேர்ந்தது. பன்னிரண்டு வயதளவில் ஒரு ஞாயிறு நாளிதழ் நடத்திய சிறுவர் ஓவியப் போட்டியில் அவன் பரிசு பெற்றான். ரொட்டுண்டா மருத்துவமனையின் தொடர்பால் அவ்வீட்டுக்கு வந்த கத்ரியோனா டெலஹண்ட் என்னும் இளம்பெண், வண்ணங்களும் ஊக்கமும் அளித்து நெடுநாள் தோழியாக விளங்கினார்.

ஆனால், பதின்பருவம் ஓவியத்தால் மட்டும் நிறைவடைவதன்று. உடன்பிறந்தோர் ஒவ்வொருவராக வேலைக்குப் போனார்கள், நடனத்துக்குப் போனார்கள், காதலித்தார்கள், மணம் முடித்துப் பிரிந்தார்கள். கிறிஸ்டியின் உள்ளத்திலும் அதே விருப்பங்கள் இருந்தன. அவன்மீது அன்பு காட்டிய பெண்களின் கண்களில் தெரிந்தது காதல் அன்று, இரக்கம் என்பதை அறிந்த பொழுதுகள் அவனை ஆழமாக வருத்தின. குழந்தையாக இருந்தபோது தோளில் சுமந்த உலகம், இளைஞனானபோது அவனை எங்கே வைப்பதென்று அறியாமல் திகைத்தது. மூளை முடக்குவாதமுள்ள இளைஞர்கள் பலர் இன்றும் சந்திப்பது இந்தத் திகைப்பைத்தான். குழந்தையென்றால் எல்லோரும் கொஞ்சுவார்கள். அவனே இளைஞனாகி முன்வந்து நின்றால் பேச்சு அவனுடைய தாயிடம் திரும்பிவிடும்.

பதின்பருவத்தின் இறுதியில் அவன் லூர்து நகருக்குத் திருப்பயணம் சென்றான். தன்னைப் போன்றவர்களையும் தன்னைவிடத் துன்புறுவோரையும் அங்கே முதன்முறையாகப் பெருந்திரளாகக் கண்டான். தான் தனியன் அல்லன் என்ற ஆறுதல் கிடைத்தது, உடல்நலம் கிடைக்கவில்லை. திரும்பி வந்த பின் சோர்வு மீண்டும் சூழ்ந்தது.

இந்தக் கட்டத்தில் அவனைத் தேடி வந்தவர் ராபர்ட் காலிஸ். குழந்தை மருத்துவரும் நாடக ஆசிரியருமான அவர், டப்ளின் ஏழைக் குடியிருப்புகளின் அவலத்தை நாடகமாக்கி மேடையேற்றியவர். போர் முடிந்தவுடன் பெல்சன் வதைமுகாமில் குழந்தைகளுக்கு மருத்துவம் செய்தவர். மூளை முடக்குவாதமுள்ளோருக்காக 1948இல் அயர்லாந்தில் அமைப்பொன்று உருவாவதற்கு அவரே காரணர். அது இன்று எனேபிள் அயர்லாந்து என்ற பெயரில் இயங்குகிறது.

முறையான சிகிச்சை பெறுவதற்கு முன் கிறிஸ்டி லண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டான். அத்துறையில் தேர்ந்தவரான ஐரீன் காலிஸ் அவனைப் பரிசோதித்தார். முன்னேற்றத்துக்கு வாய்ப்பு உண்டு. அதற்கு ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. இடது காலைப் பயன்படுத்துவதை அவன் அறவே நிறுத்த வேண்டும். அந்தக் காலின் முயற்சி உடலின் ஏனைய பகுதிகளை மேலும் இறுகச் செய்கிறது என்பது மருத்துவர்களின் கருத்து.

உலகத்தோடு தன்னை இணைத்த ஒரே பாலத்தை, உடல் சீர்படும் என்ற எதிர்பார்ப்பில் இடித்துவிடுமாறு அவனிடம் கேட்கப்பட்டது. அவன் ஒப்புக்கொண்டான். எழுதுவதையும் வரைவதையும் விடுத்து, நாள்தோறும் பயிற்சியில் ஈடுபட்டான். பேச்சு ஓரளவு தெளிந்தது. உடல் ஓரளவு இணங்கியது. ஆனால், பிற்காலத்தில் அவன் மீண்டும் இடது காலுக்கே திரும்பினான். தன் பெரும்படைப்புகளை அந்தக் கால் விரலால்தான் தட்டச்சு செய்தான். இயல்பான உடலை அணுகுவதா, இருக்கும் உடலோடு வாழ்வில் பங்கேற்பதா என்ற கேள்வி அவன் வாழ்வில் இவ்வாறு விடைபெற்றது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட செயல்திறன் வகைப்பாட்டில், உடல் உறுப்புகளின் நிலையோடு சமூகப் பங்கேற்பும் ஓர் அளவுகோலாக இடம்பெற்றது. டப்ளின் கொத்தனார் மகன் அதை அரை நூற்றாண்டுக்கு முன்பே வாழ்ந்து அறிந்திருந்தான்.

பயிற்சிக்கு இடம் தேவைப்பட்டது. நெரிசல் மிகுந்த வீட்டில் ஓர் அடி இடமும் மிச்சமில்லை. கொல்லைப்புறத்தில் ஓர் அறை கட்டலாமென்று பிரிஜெட் சொன்னபோது, கொத்தனாரான கணவரும் அதே தொழிலில் இறங்கிய மகன்களும் அது ஆகாத காரியம் என்றார்கள். ஒருநாள் அவரே செங்கல்லும் சிமென்டும் வரவழைத்துச் சுவர் எழுப்பத் தொடங்கினார். அதைக் கண்டு வெட்கியவர்களாய் ஆண்களும் கரண்டியை எடுத்தார்கள். அறை எழுந்தது. பயிற்சிக்கூடமாகவும், வாசிப்பறையாகவும், எழுத்தாளனின் முதல் தனியிடமாகவும் அது பயன்பட்டது. தனியறை என்பது இளைஞன் ஒருவனுக்கு ஆடம்பரமன்று. சிந்தனைக்கும் சுயமதிப்புக்கும் அது அடிப்படை. பிறர் உதவியின்றி ஆடை மாற்றிக்கொள்ளவும் இயலாதவனுக்குத் தனிமையின் மதிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

காலிஸ் அவனுடைய எழுத்தையும் செப்பனிட்டார். டிக்கன்ஸை மட்டும் ஆழ்ந்து படித்திருந்த கிறிஸ்டியின் முதல் வரைவு, நீண்ட சொற்களும் அலங்காரமும் நிறைந்ததாக இருந்தது. காலிஸ் புதிய நூல்களைத் தந்தார். எளிமையாகவும் உண்மையாகவும் எழுதக் கற்பித்தார். தம்பி சொல்லக் கேட்டு எழுத, வரைவுகள் திருத்தப்பட்டு, தன்வரலாறு உருப்பெற்றது. 'மை லெஃப்ட் ஃபுட்' 1954இல் வெளிவந்தபோது அதன் ஆசிரியருக்கு வயது 22.

நூல் புகழ் தந்தது. அந்தப் புகழ் அவருக்கு நிறைவு தரவில்லை. உடற்குறையை வென்றவர் என்ற பாராட்டைவிட, எழுத்தாளர் என்ற மதிப்பையே அவர் வேண்டினார். அடுத்த பெரும்படைப்புக்கு 16 ஆண்டுகள் ஆயின. இடையில் அமெரிக்கத் தோழி ஒருவரின் கனெக்டிகட் இல்லத்தில் தங்கி, அவர் வகுத்த ஒழுங்கில் அன்றாடம் எழுதினார். மதுப்பழக்கம் அவரை ஏற்கெனவே பற்றியிருந்தது. அந்தத் தோழி மதுவுக்கு வரம்பிட்டு, எழுத்துக்கு நேரம் வகுத்தார். 1970இல் வெளியான 'டவுன் ஆல் தி டேஸ்' நாவல் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. டப்ளின் ஏழைக் குடும்பமொன்றின் வறுமையையும், தந்தையின் முரட்டுத்தனத்தையும், தாயின் ஓயாத உழைப்பையும் இரக்கமற்ற நேர்மையோடு சித்தரித்த அந்நாவல், பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் விற்பனையாயிற்று. மகனுக்கு முதல் எழுத்தைக் கற்பித்த பிரிஜெட் அதைக் காண உயிரோடு இல்லை. அவர் 1968இல் மறைந்துவிட்டார்.

1972 அக்டோபரில் கிறிஸ்டி, மேரி கார் என்பவரை மணந்தார். கவிதைத் தொகுப்புகளும் மேலும் சில நாவல்களும் வெளிவந்தன. தம்பதியர் டப்ளின் புறநகரிலிருந்து கெர்ரி மாவட்டக் கடற்கரைக்கும், பின்னர் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதிக்கும் குடிபெயர்ந்தனர். தெருப் பிள்ளைகளின் நடுவே வளர்ந்தவர், பெரிய குடும்பத்திலிருந்தும் பழைய நண்பர்களிடமிருந்தும் தொலைவில் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1981 செப்டம்பர் 7 அன்று உணவு தொண்டையில் அடைத்து அவர் உயிர் பிரிந்தது. வயது 49. விழுங்குவதில் ஏற்படும் இடர்ப்பாடு மூளை முடக்குவாதமுள்ளோர் பலரின் வாழ்நாள் அபாயம் என்பதை இங்கே நினைவில்கொள்ள வேண்டும். டப்ளினின் கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். 1989இல் ஜிம் ஷெரிடன் இயக்கத்தில் அவருடைய தன்வரலாறு திரைப்படமானது. கிறிஸ்டியாக நடித்த டேனியல் டே லூயிஸும் தாயாக நடித்த பிரெண்டா ஃபிரிக்கரும் ஆஸ்கர் விருது பெற்றார்கள்.

பொருளியல் பயின்றவர்களுக்கு இந்த வாழ்க்கை ஒரு கோட்பாட்டை நினைவூட்டும். 1979இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அமர்த்திய சென், எதில் சமத்துவம் வேண்டும் என்ற வினாவை எழுப்பினார். ஒரே வருமானம் இருவருக்கு ஒரே வாழ்வைத் தந்துவிடாது. பொருளை வாழ்வாக மாற்றும் ஆற்றல் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற கருத்தைத் தம் எழுத்துகளில் அவர் தொடர்ந்து வளர்த்தார். உடற்குறையுள்ளவர் ஈட்டுவதும் கடினம். ஈட்டியதை மற்றவர்களுக்கு இணையான வாழ்வாக மாற்றுவதும் கடினம். மற்றவர் நடந்து செல்லும் தொலைவுக்கு அவருக்கு வாகனமும் துணையாளும் வேண்டும். வறுமைக் கோட்டை வருமானத்தால் மட்டும் வரையும்போது இந்த இரண்டாவது இழப்பு கணக்கில் சேர்வதே இல்லை.

கிறிஸ்டியின் வாழ்வில் அந்த மாற்றத்தை நிகழ்த்தியவை எவை? ஒரு தள்ளுவண்டி, ஒரு வண்ணப்பெட்டி, ஓர் அறை, ஒரு சிகிச்சை நிலையம், சொல்லச் சொல்ல எழுதிய ஒரு கை, எழுத்தைத் திருத்திய ஒரு மருத்துவர். இவற்றுள் எதுவும் அரசின் திட்டத்தால் உரிமையாகக் கிடைத்ததன்று. அனைத்தும் அன்பாலும் தற்செயலாலும் கிடைத்தவை. 22 பிள்ளைகளைப் பெற்றும் தளராத ஒரு தாய் இல்லாமலிருந்தால், அந்த இடது கால் சுண்ணக்கட்டியைப் பற்றியது ஒரு வலிப்பு அசைவாகவே கருதப்பட்டிருக்கும். அதே காலத்தில் அதே நகரில், அத்தகைய தாயும் மருத்துவரும் வாய்க்காத எத்தனை கிறிஸ்டிகள் சன்னலோரத்திலேயே முடிந்துபோனார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ இரண்டு குழந்தைகள் மூளை முடக்குவாதத்தோடு வாழ்வைத் தொடங்குகின்றன. அவர்களில் பெரும்பாலோர் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். எனினும், இதைக் குழந்தைப் பருவத்துக்குரிய சிக்கலாகவே பல நாடுகளும் நெடுங்காலம் கருதிவந்துள்ளன. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. உயர்கல்வியில் 5 விழுக்காடும் அரசுப் பணியில் 4 விழுக்காடும் ஒதுக்கியது. வரவேற்கத்தக்கவை இவை. ஆனால், கல்லூரிக்குப் போகாத, அரசுப் பணி கிடைக்காத இளைஞர் ஒருவரின் பத்தொன்பதாம் வயதின் காலைப்பொழுது எப்படி விடிகிறது? அவரை வெளியே அழைத்துச் செல்ல யார் இருக்கிறார்கள்? பெற்றோருக்கு எழுபது வயதானால் அவரைத் தூக்கி அமர்த்துவது யார்? இக்கேள்விகளுக்கு ஒதுக்கீட்டு விழுக்காடுகள் விடை சொல்லா.

வாழ்க்கைத் தரத்தை அளக்க விரும்புவோர் சில எளிய கேள்விகளைக் கேட்கலாம். இந்த மாதம் அந்த இளைஞர் எத்தனை முறை வீட்டைவிட்டு வெளியே சென்றார்? குடும்பத்தாரும் சிகிச்சையாளரும் அல்லாத எத்தனை பேரிடம் பேசினார்? எதை உண்பது, எதை உடுத்துவது, யாரைச் சந்திப்பது என்பதைத் தாமே முடிவு செய்தாரா? தம் உழைப்புக்கென ஒரு ரூபாயேனும் பெற்றாரா? வாயாலும் காலாலும் ஓவியம் வரைவோர் சங்கத்தின் உறுப்பினராக இருந்து கிறிஸ்டி பெற்ற வருவாய், அறக்கொடையாக அல்லாமல் தொழிலின் பயனாக வந்தது என்பதே அதன் சிறப்பு. பகல்நேர மையங்கள், துணையாளர் ஊதியத்துக்கான நிதி, ஏறத்தக்க பேருந்து, பேச உதவும் கருவி ஆகியவை செலவினங்கள்தாம். ஆனால், இவை இல்லாதபோது ஒரு தாயோ சகோதரியோ வேலையைத் துறந்து அந்தச் செலவைத் தன் வாழ்நாளால் செலுத்துகிறார். எந்த வரவு செலவுத் திட்டத்திலும் அது இடம்பெறுவதில்லை என்பதால், அது இல்லாத செலவாகிவிடாது.

கிறிஸ்டி பிரவுனைப் போற்றுவது எளிது. அவருடைய கால் விரல்களின் திறமையை வியந்து கைதட்டிவிட்டு வீடு திரும்பலாம். அவருக்குச் செய்யத்தக்க உண்மையான மரியாதை, அவருடைய பத்தாம் வயதில் உடைந்த அந்த வண்டியை நினைவில் வைப்பதே. மேதைமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மேதையாக இருந்தால்தான் தெருவுக்கு வரலாம் என்ற விதியும் இருத்தலாகாது. நூல் எழுதாத, ஓவியம் வரையாத, விருது பெறாத ஓர் இளைஞரும் மாலையில் நண்பர்களோடு தெருமுனை வரை சென்றுவர வேண்டும். உடைந்த வண்டியைச் செப்பனிடும் பொறுப்பு ஓர் அன்னையின் கைகளுக்கு மட்டும் உரியதன்று. ஒரு சமூகத்துக்கு உரியது.